லீவு ரத்தான வீட்டில் ஒரு பகல்

டீ வரட்டும், அதற்குள் தொடங்கிவிடுகிறேன். ‘லீவு ரத்து, உடனே திரும்பு’ என்று ராணுவ யூனிட்டிலிருந்து செய்தி வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையனுக்கு வீட்டில் மிஞ்சுவது அநேகமாக ஒரு பகல்தான். சாயங்காலம் செங்கோட்டையில் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம் தாண்டி இங்கே வந்து நிற்கும். ஏறினால் விடியலில் சென்னை. அங்கிருந்து ஜம்முவுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள். 1999இல் கார்கில் சண்டையின்போதும், 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின்பும், 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போதும் இப்படித்தான் லீவில் இருந்தவர்கள் கிளம்பினார்கள்.

அந்தப் பகலில் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள். பாரக்கில் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து அப்பா பால்கோவா வாங்கி வருவார். அம்மா முறுக்குச் சுடுவார். அக்கா ஆண்டாள் கோயிலுக்குப் போய்த் துளசியோடு திரும்புவார். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்துவிடும். ‘அவன் திரும்பாவிட்டால்?’ என்ற, பேசவேண்டிய ஒன்றை மட்டும் யாரும் எடுக்கமாட்டார்கள். மருமகள் வாயைத் திறந்தால், “கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது” என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள்.

அப்படி அடக்குவது சரியில்லை என்பேன். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நாள் முழுக்கப் பேண்டேஜ் துணி நெய்கின்றன. காயம் படுமுன்னே துணி நெய்து வைப்பதை யாரும் அபசகுனம் என்பதில்லையே.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணவனைப் போரில் இழந்தவள், மறுபடி பறை கேட்டதும் ஒரே மகனுக்கு வெள்ளை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். வீரத்தாய் என்று மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அந்த எண்ணெய்க் கைதான் கண்ணில் நிற்கிறது. அவன் திரும்பாவிட்டால் அவள் எதை வைத்துப் பிழைப்பாள்? அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

இன்றைக்கு அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் தாளில் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்னிவீரர் அல்லாத வழக்கமான வீரர் என்றால் பணம் முக்கியமாக இரண்டு வழியாக வரும். ஒன்று, குடும்பப் பென்ஷன். போரில் இறந்தவர் என்றால் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சமமான தொகையே பென்ஷனாகும். இது நாமினி எழுதுவதைப் பொறுத்ததல்ல. கல்யாணமானவர் என்றால் மனைவிக்கு உரியது. ஆனால் மனைவி என்று ராணுவ ஏட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். கல்யாணத்தையும் குழந்தை பிறப்பையும் யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ போட்டுத்தான் ஏற்றுவார்கள். வைகாசியில் தாலி கட்டிவிட்டு அதே வாரம் கிளம்பும் பையனின் மனைவி, ஊருக்கு மனைவி; ஏட்டில் இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், அதற்குக் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆகவே அந்தப் பகல் அலுவலக நாளாக இருந்தால், முறுக்கை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். இருவரும் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகட்டும்.

இரண்டாவது, இன்சூரன்ஸ். 1976 முதல் ராணுவத்துக்கென்று குழுக் காப்பீட்டு நிதி இருக்கிறது. இந்தப் பணம் யாருக்கு, எத்தனை சதவீதம் என்று வீரர் எழுதிக் கொடுத்தபடி போகும். படையில் சேரும்போது பையனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா பெயரைத்தான் எழுதியிருப்பான். பிறகு கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின்னும் அந்தத் தாள் பழையபடியே கிடக்கும். கார்கிலில் 527 பேர் இறந்தார்கள். உதவித்தொகைக்காகப் பெற்றவர்களும் மனைவியும் எதிரெதிரே நின்ற வீடுகள் நாடெங்கும் இருந்தன. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வயதான அப்பாவுக்கும் வாழ்க்கை இருக்கிறது, இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் இருக்கிறது. எவ்வளவு யாருக்கு என்பதை எல்லார் முன்னாலும் அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் பிறகு ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இது கடைசிப் பகல் என்று தெரிந்து கிளம்புகிறவர்கள் குறைவு. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று கல்வான் மோதலில் உயிர் துறந்தார். அவர் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசம் அந்த மாதத் தொடக்கத்தில்தான் நடந்தது, அவரால் வரமுடியவில்லை. அதற்கு முன் லீவு முடிந்து அவர் போனது எல்லா லீவையும் போல ஒரு லீவு முடிந்து போனதுதான். அதனால்தான் சொல்கிறேன், யூனிட்டிலிருந்து போன் வரும்வரை காத்திருக்காமல் பொங்கல் லீவோ ஆடிப்பூர லீவோ, வரும்போதெல்லாம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு ஒரு தாள் எடுத்து உங்கள் வீட்டு வீரருடைய ராணுவ நம்பர், ரேங்க், யூனிட், எந்த ரெக்கார்டு ஆபீஸ் (மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன்) எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வாங்குங்கள். விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகவரியும் அதிலேயே இருக்கட்டும். போனில் மட்டும் வைத்தால் போதாது. ஒரு பிரதி பீரோவில், ஒரு பிரதி மருமகள் கையில்.