ஆற்றின் நடுவே ஒரு முச்சந்தி!

"பாலத்தில் பாதி தூரம் போங்கள். அங்கே இடது பக்கம் திரும்புங்கள்."

வழி கேட்டவரிடம் இப்படிச் சொன்னால் என்ன நினைப்பார்? "பாதிப் பாலத்தில் திரும்பினால் ஆற்றில் அல்லவா விழ வேண்டும்! கேலியா செய்கிறாய்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

ஆனால் அமெரிக்காவில் ஓர் ஊரில் இதுதான் சரியான வழி. கேலியும் இல்லை, கிண்டலும் இல்லை. அந்த ஊருக்குப் பெயர் ஜேன்ஸ்வில். ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது.

அங்கே உள்ள பாலத்துக்கு இரண்டு முனை அல்ல, மூன்று முனை! மூன்று பக்கமிருந்தும் பாதை வந்து, ஆற்றின் நடுவே ஒன்று சேருகிறது. பையன்கள் உண்டிவில் கட்டுவதற்குக் கவட்டைக் குச்சி ஒடிப்பார்களே, அந்த வடிவம். ஆங்கிலத்தில் 'ஒய்' என்று ஓர் எழுத்து உண்டு. அதுவும் கவட்டை போலத்தான் இருக்கும். ஆகையால் 'ஒய் பாலம்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாலத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் எரிகின்றன. முச்சந்தி என்றால் விளக்கு வேண்டாமா?

ஏறிய கரையிலேயே இறங்கலாம்

மஸ்கிங்கம் என்பது பெரிய ஆறு. வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. லிக்கிங் என்ற சின்ன ஆறு மேற்கிலிருந்து வந்து அதில் கலக்கிறது. நம் ஊர்ப் பவானி கூடுதுறையைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிழக்குக் கரையில் கடைத்தெரு. மேற்குக் கரையை லிக்கிங் ஆறு இரண்டாக வெட்டிவிட்டது. ஆக, நிலம் மூன்று துண்டு. மூன்றையும் சேர்க்கத் தனித்தனியாகப் பாலம் கட்டுவதற்குப் பதில், ஆறுகள் கூடும் இடத்தில் ஒரே பாலமாகக் கட்டினால் என்ன என்று அந்த ஊரார் நினைத்தார்கள்.

இதனால் ஒரு வேடிக்கையும் உண்டாயிற்று. மேற்குக் கரையில் ஏறி, நடுவில் திரும்பி, மறுபடி மேற்குக் கரையிலேயே இறங்கலாம். பாலத்தைக் கடந்தாகிவிட்டது. ஆனால் பெரிய ஆற்றின் அதே கரையில்தான் நிற்கிறோம்!

தண்ணீர் விட்டுவைக்குமா?

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. கட்டியவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

நேரான பாலத்தில் நடுத்தூணை இரண்டு பக்கத்துப் பாரமும் எதிரெதிரே அழுத்தும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். மூன்று பக்கத்திலிருந்தும் பாரம் வந்தால்? அதோடு வெள்ளமும் இரண்டு ஆறுகளிலிருந்து, இரண்டு திசைகளிலிருந்து வந்து மோதும். வெள்ளம் அடித்துவரும் மரங்கள் வேறு.

முதல் பாலம் 1814-ல் முடிந்தது. மரப்பாலம். கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள். நான்கே வருஷம். 1818-ல் அது ஆற்றில் விழுந்தது. மறுவருஷமே இரண்டாவது பாலம் எழுந்தது. அது பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் தாங்கியது. பிறகு அதுவும் ஆகாது என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் கிழக்குக் கடற்கரைப் பக்கமிருந்து மேற்கே போகும் 'தேசியச் சாலை' என்ற பெருவழி அந்த ஊருக்கு வந்துவிட்டது. புது நிலம் தேடி மேற்கே போகும் குடும்பங்களும் சரக்கு வண்டிகளும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். பாலம் இல்லாமல் முடியாது.

தந்தையும் மகனும்

மூன்றாவது பாலத்துக்குத் திட்டம் போட்டவர் கேதரினஸ் பக்கிங்காம் என்ற வாலிபர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1829-ல் படிப்பை முடித்தவர். வயது 24 தான். அவருடைய தந்தை எபனேசர் பக்கிங்காம் அந்த வட்டாரத்தில் பெரிய வியாபாரி.

1832 ஆகஸ்டு மாதம். வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதில் சிக்கி எபனேசர் பக்கிங்காம் இறந்துபோனார்.

மகன் திட்டம் போட்ட பாலம். அந்த வேலையிலே தந்தை பலி. அந்த வீட்டில் அன்று எப்படி இருந்திருக்கும்!

ஆனால் பாலம் நிற்கவில்லை, வளர்ந்தது. மழையிலும் பனியிலும் மரம் உளுத்துப் போகாமல் இருக்க, அதற்குக் கூரையும் பக்கச் சுவரும் போட்டார்கள். ஆற்றின் மேல் ஒரு நீண்ட வீடு போல இருக்கும். குதிரை வண்டிகள் அந்த வீட்டுக்குள் நுழைந்து, நடுவில் திரும்பி, வேறு வாசல் வழியாக வெளியே வரும். அந்த மரப்பாலம் எத்தனை வருஷம் உழைத்தது தெரியுமா? 68 வருஷம்! 1900-ம் ஆண்டு வரை அது இருந்தது.

மகன் பிற்காலத்தில் ராணுவத் தளபதி ஆனார். உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், பெரிய சேனாபதி மெக்லெல்லனைப் பதவியிலிருந்து நீக்கும் லிங்கனின் உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்தான். 1888-ல் காலமானார். அவர் கண் மூடும்போதும் அந்தப் பாலம் ஆற்றின் மேல் நின்றுகொண்டிருந்தது.

மூழ்கியும் சாகாத பாலம்

நான்காவது பாலம் 1902-ல் முடிந்தது. இம்முறை இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட். வளைவு வளைவாகக் கட்டினார்கள்.

அதற்கு 1913 மார்ச் மாதம் சோதனை வந்தது. நாள்கணக்கில் மழை. ஓஹையோ மாநிலமே வெள்ளக்காடு. இரண்டு ஆறுகளும் ஒரே நேரத்தில் பெருகி வந்தன. ஒய் பாலம் தண்ணீருக்குள் மூழ்கிப் போனது. போயிற்று என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். வெள்ளம் வடிந்தது. பக்கத்துக் கைப்பிடிச் சுவர்களை ஆறு கொண்டுபோயிருந்தது. பாலம் நின்றது!

பிறகு மஸ்கிங்கம் ஆற்றுப் பகுதியில் பல அணைகள் கட்டினார்கள். லிக்கிங் ஆற்றின் மேல் பக்கத்தில் டில்லன் அணை 1961-ல் முடிந்தது. வெள்ள பயம் குறைந்தது. ஆனால் வயது யாரை விட்டது? 1979-ல் பாலத்தை மூடினார்கள். 1983-ல் இடித்தார்கள்.

இப்போதாவது நேரான பாலமாகக் கட்டியிருக்கலாம் அல்லவா? அவர்கள் கட்டவில்லை. பழைய இடத்திலேயே, பழைய கவட்டை வடிவத்திலேயே, 1984-ல் ஐந்தாவது பாலத்தைத் திறந்தார்கள். பிடிவாதம்தான். ஆனால் 170 வருஷமாக நடுவில் திரும்பிப் பழகிய ஊருக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஆறு இல்லாத பாலம்

மூன்று முனைப் பாலம் அமெரிக்கர் கண்டுபிடித்தது அல்ல. அதற்கு 400 வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்தில் கட்டிவிட்டார்கள். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் குரோலாந்து என்ற சிறிய ஊர். 1360-க்கும் 1390-க்கும் இடையில் கட்டிய கல் பாலம் அங்கே இன்றும் இருக்கிறது. 'திரித்துவப் பாலம்' என்று பெயர்.

இதற்கு நடுவில் தூணே கிடையாது! மூன்று பேர் மூன்று பக்கம் நின்று, கையை நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றாகச் சேர்த்துச் சாய்ந்து நின்றால் யாரும் விழமாட்டார்கள். ஒருவர் பாரத்தை மற்ற இருவர் தாங்குவார்கள். அதே போல மூன்று அரை வளைவுகள் உச்சியில் ஒன்றோடு ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஏற்றம் மிகவும் செங்குத்து. வண்டி ஏறாது. ஆட்களும் பொதிகுதிரைகளும் ஏறலாம்.

கீழே ஒரு காலத்தில் வெலண்டு ஆறும் அதன் கிளையும் சந்தித்தன. 17-ம் நூற்றாண்டின் நடுவில் அவற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது பாலத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர் நடுவில், தெருவிலே நிற்கிறது பாலம். அதன் ஒரு பக்கத்துச் சுவரில் பழைய கற்சிலை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கையில் உருண்டையாக ஏதோ வைத்திருக்கிறது. ஏசுநாதர் உலகத்தை ஏந்தியிருக்கிறார் என்கிறார்கள் சிலர். இல்லை, அது ஒரு ராஜா, கையில் இருப்பது ரொட்டி என்கிறார்கள் வேறு சிலர். மோட்டார் வண்டிகள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன.