65 குழாய்த் துண்டுகளில் ஒரு பாகற்காய்ப் பந்தல்

செப்பாக் தக்ரோ பந்தைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள். 12 துளைகளும் 20 சந்திப்புகளும் இருக்கும். அதன் ஒவ்வொரு பின்னலும் பந்தை நடுவாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி அப்படிப்பட்ட வட்டத்தின் மீதுதான் அமைகிறது. அதற்கு 'ஜியோடெசிக்' என்று பெயர். அந்த வழிகளை ஒட்டி நேரான குச்சிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்தால் ஜியோடெசிக் குவிமாடம் கிடைக்கும்.

சென்ற விடுமுறையில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு தமிழ்ப்பள்ளிக்காக இதைக் கட்டினோம். தலைமையாசிரியை முதலில் கேட்டது கூரை போட்ட வாசிப்புக் குடில். யோசித்துப் பார்த்து, கூரை வேண்டாம், தோட்டத்தில் கொடி ஏற்றும் பந்தலாகக் கட்டித் தருகிறோம் என்றோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், ஜெர்மனியின் யேனா நகரில் வால்டர் பவுர்ஸ்ஃபெல்ட் 1920களிலேயே கோளரங்கத்துக்காக இத்தகைய கூடு ஒன்றை அமைத்துவிட்டார். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் பலர் இதையே வீடாகக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது லாயிட் கான் வெளியிட்ட 'டோம்புக்' நூல்கள். பின்னர் அவரே அவற்றை மறுபதிப்புச் செய்ய மறுத்துவிட்டார். குவிமாடம் ஒழுகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்களுடைய சிறிய அமைப்பிலேயே 40 முக்கோணங்கள், 55 மூட்டுகள். நம் ஊர் மாலை மழைக்கு ஒரு மூட்டு பிரிந்தாலும் உள்ளே இருக்கும் புத்தகங்களின் கதி என்ன? பாகற்கொடிக்கோ மழை வந்தால் நல்லதுதான்.

இனி கணக்கு. 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். தேவைப்படுபவை இரண்டே நீளங்கள். கோள மையத்தில் ஒரு துண்டு 36 பாகைக் கோணத்தையும் மற்றொன்று ஏறக்குறைய 31.7 பாகைக் கோணத்தையும் தாங்கும். அரைக்கோணத்தின் சைனை ஆரத்தின் இரு மடங்கால் பெருக்கினால் நீளம் வந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் படித்த திரிகோணமிதியே போதும். நெடிய துண்டு 92.7 செ.மீ., குறுகியது 82 செ.மீ. முன்னதில் 35, பின்னதில் 30. இந்த நீளம் ஒரு துளையின் மையத்திலிருந்து மறு துளையின் மையம் வரை அளப்பது. முனைக்கு 2.5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். 19 அடி பி.வி.சி. குழாய்கள் பன்னிரண்டு போதுமானதாக இருந்தன.

முனைகளை ஹீட் கன்னால் இளக்கித் தட்டையாக்கி, சற்றே உள்பக்கம் வளைத்துத் துளையிட்டோம். பி.வி.சி. கருகினால் நச்சு வாயு வரும். இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மொத்தம் 130 முனைகள்! மூன்றாம் நாள் யாரும் யாருடனும் பேசவில்லை.

கோப்பது எளிது. நெடியவற்றில் நீல நாடாவும் குறுகியவற்றில் சிவப்பு நாடாவும் ஒட்டினோம். தரையில் பத்து நீலம் சேர்ந்து ஒரு வளையம். அதன் மேல் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என மாறி மாறிக் கூரை போல் நிற்கும். அவற்றின் உச்சிகளைப் பத்து சிவப்பு இணைக்கும். இப்படியே உச்சி வரை 26 இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட், ஒரு நட். பாதி வரை எல்லாம் துவண்டு ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "அண்ணா, இது விழுந்துடும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். கடைசி ஐந்து சிவப்புத் துண்டுகளை உச்சியில் முடுக்கியதும் ஆட்டம் நின்றது. நான்கு குச்சிகளால் செய்த சதுரத்தைத் தள்ளினால் சாயும். முக்கோணத்தின் வடிவம் மாறவேண்டுமென்றால் ஒரு பக்கமாவது நீள வேண்டும், சுருங்க வேண்டும், வளைய வேண்டும். ஒரு முனையில் விழும் பாரத்தைச் சுற்றியுள்ள துண்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. உச்சியை இரு கைகளாலும் அழுத்திக் காட்டிய பிறகே அவன் உள்ளே நுழைந்தான்.

ஆனாலும் பிள்ளைகள் இதில் ஏறித் தொங்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். மெல்லிய பி.வி.சி. குழாய் விளையாட்டுத் திடல் கம்பி அல்ல. வெயிலில் நாளாக ஆக அது நொறுங்கவும் தொடங்கும். அதனால் நீரில் கரையும் வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு அடித்தோம். காற்று தூக்காமல் இருக்க அடி இணைப்புகளை மண்ணில் அடித்த இரும்புக் கம்பிகளோடு கட்டினோம். வாசல் என்று தனியாக எதுவும் இல்லை. தரையை ஒட்டிய நீல முக்கோணங்கள் வழியே பிள்ளைகள் தவழ்ந்து போகிறார்கள். ஒரு பக்கம் பாகல், மறுபக்கம் காராமணி நட்டிருக்கிறார்கள். காராமணிதான் முந்துகிறது; இரண்டாவது வளையத்தைத் தொட்டுவிட்டது.