லிக்விடிட்டி என்றால் என்ன? மதகடிப்பட்டு மாட்டுச்சந்தையை வைத்தே புரிஞ்சுக்கலாம்!

பிசினஸ் செய்திகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தை லிக்விடிட்டி. அகராதியில் நீர்மைத்தன்மை என்று இருக்கும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கையில் இருக்கும் சொத்தை, விலையைக் குறைக்காமல், எவ்வளவு சீக்கிரம் பணமாக்க முடியும் என்பதுதான் விஷயம்.

புதுச்சேரி - விழுப்புரம் சாலையில் உள்ள மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் சந்தை. மாட்டை ஓட்டிட்டுப் போய், விலை படிந்தால் அன்றைக்கே கையில் காசு. வீட்டு மனையை அப்படி விற்க முடியுமா? ஆள் தேடணும், வில்லங்கம் பார்க்கணும், பத்திரம் பதியணும். மதிப்பில் மனை பெரிது. லிக்விடிட்டியில் மாடுதான் முந்தும்.

சரி, புதன்கிழமை திடீர்னு ஆஸ்பத்திரி செலவு வந்தால்? அடுத்த சந்தைக்கு இன்னும் ஆறு நாள். வீட்டுக்கே வரும் வியாபாரி மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் அவசரத்தைப் பார்த்துவிடுவார். விலை இறங்கும்.

பெரிய ஃபண்டுகளுக்கும் இதே சிக்கல் வரும். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் 6 கடன் ஃபண்டுகளை மூடியது. முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஃபண்டிடம் இருந்த கடன் பத்திரங்களை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. முதல் தவணைப் பணம் வந்தது 2021 பிப்ரவரியில்தான்.

நகையை அடகு வைத்தால் அன்றைக்கே பணம் கிடைக்கும், வட்டி கட்டணும். ஃபிக்சட் டெபாசிட்டை பாதியில் உடைக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும்.