மங்கிய ஒளியும் படத்தின் இரைச்சலும்

நெய்தல் நிலத்திற்குரிய சிறுபொழுது எற்பாடு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அதனைக் கண்ணாரக் காண விரும்புவோர் கோலா சுங்கை பாருக் கடற்கரைக்கு வரலாம். மலாக்கா நீரிணையில் ஞாயிறு மறைந்தபின் நல்ல அந்தியொளி நிலைப்பது ஏறத்தாழ 20 நிமிடமே. நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் ஞாயிறு சரிந்து செல்லாது செங்குத்தாக இறங்குவதே இதற்குக் காரணம். அதன்பின் எடுக்கும் நிழற்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வானிலும் முகத்திலும் குறுணை தூவியதுபோல் சிவப்பும் பச்சையும் நீலமுமான புள்ளிகள் தென்படும். இதனை ‘இரைச்சல்’ என்பர்.

காதுக்குரிய சொல் கண்ணுக்கு எவ்வாறு வந்தது? வானொலிப் பொறியியலாரிடமிருந்து வந்தது. வெற்றிடக் குழாயில் மின்னோட்டம் சீராக ஓடாமல் தனித்தனி மின்னணுக்களாக விழுவதால் எழும் இரைச்சலை 1918இல் ஷாட்கி என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். ஒளியும் அவ்வாறே துகள் துகளாக விழுவது. ஆதலின் சொல் பொருந்தாதது போலத் தோன்றினும் பொருத்தமுடையதே.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். நிரையில் பால் மரந்தோறும் மங்கு கட்டியிருக்கிறது. தூறல் தொடங்குகிறது. ஒரு மங்கில் நான்கு துளி, அடுத்ததில் ஒன்பது துளி. மேகம் வஞ்சனை செய்யவில்லை. துளிகள் விழும் முறையே அப்படி. மழை வலுத்தபின் இவ்வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. படக்கருவியின் உணரியிலுள்ள புள்ளிகளும் இம்மங்குகளைப் போன்றவையே. சராசரி 100 ஒளித்துகள் விழும் புள்ளியில் ஏற்றத்தாழ்வு 10 அளவில் இருக்கும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100; நூற்றுக்கு ஒன்றே. எண்ணிக்கையின் வர்க்கமூலமே ஏற்றத்தாழ்வின் அளவு. இருளில் இரைச்சல் மிகுவதன் தலையாய காரணம் இதுவே. கருவியின் மின்சுற்றும் வெப்பமும் தம் பங்கைச் சேர்ப்பதுண்டு. நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும்போது வெப்பத்தின் பங்கு வளரும்.

ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் ஒளி கூடும் என்று பலர் கருதுகின்றனர். கூடாது. சேர்ந்த சிறு ஒளியின் குறியைப் பெருக்கிக் காட்டுவதே அவ்வெண். அஞ்சி அதனைக் குறைத்து, இருண்ட படமாக எடுத்துப் பின்னர்க் கணினியில் வெளுப்பாக்குவதால் பயனில்லை. சில கருவிகளில் அது இன்னும் கேடு. மங்கு நிறைய வேண்டுமானால் மழை வேண்டும்.

ஒளியை மிகுதியாகப் பெறும் வழிகளோ சிலவே. வில்லையின் திறப்பைப் பெரிதாக்கலாம்: எஃப் 4 இலிருந்து எஃப் 1.8க்கு மாற்றினால் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளி புகும். அசையாப் பொருளாயின் முக்காலியில் நிறுத்தி நேரத்தை நீட்டலாம். மலாக்கா செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தின் மாசிமகத்திற்குச் செல்வோர் நிலவை நம்பவேண்டா. முழுநிலவின் ஒளி நண்பகல் வெயிலில் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே. இரவில் தேர் நகரும்போது எடுப்பதைவிட, தேர் நின்று தீபம் காட்டும் நொடிக்குக் காத்திருப்பதே அறிவுடைமை. எண்ணெய் விளக்கொளியில் நீலம் மிகக் குறைவு. ஆகவே நீலப் பகுதியில்தான் இரைச்சல் முதலில் தலைகாட்டும். அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் தொல்லை பெரிதும் அடங்கும்.

இன்றைய கைப்பேசிகள் வேறோர் உத்தியைக் கையாளுகின்றன. ஒரே காட்சியைப் பலமுறை விரைந்தெடுத்துச் சராசரி காண்கின்றன. 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். இது நேர்மையான முறை; காட்சி அசையாதிருக்க வேண்டும், அவ்வளவே.

இரைச்சலை அழிக்கும் மென்பொருள்களைப் பற்றி எனக்கு அத்தனை நல்லெண்ணம் இல்லை. ஒருநாள் மாலை, தோட்டக் குடியிருப்பின் திண்ணையில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் கைப்பேசியில் எடுத்தேன். முகம் பளிங்குபோல் வந்தது, மகிழ்ந்தேன். அவர் காலமானபின் பேத்தி அப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “பாட்டி கையிலே பச்சை இருக்குமே சார், எங்கே?” என்றாள். முழங்கையளவும் குத்தியிருந்த கோலம் படத்தில் இல்லை. மங்கிய நீலக்கோட்டை இரைச்சல் என்றெண்ணிக் கருவி துடைத்துவிட்டது. பதப்படுத்தாத மூலக்கோப்பை நான் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் குறுணைகளுக்கிடையே அக்கோலத்தைத் தேடியாவது பார்த்திருக்கலாம்.

தோட்டங்கள் பல விற்கப்பட்டு மக்கள் பட்டணங்களில் குடியேறிவிட்டனர். கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா, பாட்டனாரின் முகம் என்று மாணவர்கள் எடுத்துவரும் படங்களுள் பெரும்பாலானவை இரவில் எடுத்தவையே. ஆசிரிய அன்பர்கள் அவற்றைத் தொகுக்கும்போது, கருவியில் ‘ரா’ என்னும் மூலக்கோப்பாகச் சேமிக்கும் வசதியிருந்தால் அதனை இயக்கச் சொல்லுங்கள். திருத்திய படி ஒன்றிருக்கட்டும்; பொரிப்பொரியாய் உள்ள மூலமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.