ஓயாமல் பெய்யும் ஒரு மழை!



மழைக்காக வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டம் நம்முடையது. ஆனால் ஒரு மழை மட்டும் சித்திரை வெயிலிலும் நம்ம தலையில் கொட்டிக்கிட்டே இருக்கு. குடை பிடித்தாலும் நிற்காது, கூரையையும் துளைத்து வரும். அதுதான் காஸ்மிக் கதிர் மழை!

எங்கிருந்து வருகிறது?

விண்வெளியின் தூரத்திலிருந்து புரோட்டான் முதலிய துகள்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வந்து, 15, 20 கி.மீ. உயரத்தில் காற்றின் அணுக்களோடு மோதுகின்றன. ஒன்று பலவாகி, கடைசியில் மியூவான் என்ற துகள்கள் தரைக்கு வருகின்றன. கடல்மட்டத்தில் 1 சதுர செ.மீ. இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 மியூவான் விழும். உங்கள் உள்ளங்கை 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 நிமிட பீரியடில் 4,500 மியூவான் அதைத் துளைத்துப் போயிருக்கும்!

யார் கண்டுபிடித்தது?

கதிர்வீச்சு முழுவதும் பாறையிலிருந்தே வருகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. நார்த்தாமலை போன்ற கருங்கல் பாறைகளில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிறிதளவு உண்டு. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் உயரம் போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு குறையவில்லை, கூடியது! 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது உயரம். நம் தலைக்கு மேலுள்ள காற்று 10 மீட்டர் தண்ணீருக்குச் சமமான கவசம். ஊட்டியில் அது 8 மீட்டர்தான். இரண்டாவது பூமியின் காந்தம். பூமத்திய ரேகைக்கு அருகே இந்தத் தடுப்பு பலமானது. அதனால் நாம் கொடுத்து வைத்தவர்கள்! மூன்றாவது சூரியன். அது சீறும் காலத்தில் காஸ்மிக் கதிர் குறையும். இவற்றைக் கணினியில் கொடுத்து ஒரு 'மாதிரி மழை' பெய்ய விட்டு, கருவியில் அளந்த மழையோடு ஒப்பிடுகிறார்கள்.

நம்ம ஊட்டியில்!

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மியூவான் கருவியில் 3,712 இரும்புக் குழாய்கள். 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை திடீரென எகிறியது. ஏன்? கணினி மாதிரி விடை சொன்னது: சூரியப் புயல் மோதி, பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் பலவீனமாகியிருந்தது! இப்படிப்பட்ட புயல் செயற்கைக்கோளையும் மின்சாரத்தையும் கெடுக்கலாம். அதனால்தான் இந்த எண்ணிக்கை முக்கியம்.

பயப்படணுமா?

வேண்டாம். ஐ.நா. குழுவின் 2008 அறிக்கைப்படி ஒரு மனிதருக்கு இயற்கையில் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. அதில் காஸ்மிக் கதிரின் பங்கு சுமார் 0.4 மட்டுமே. மனிதன் தோன்றிய நாளிலிருந்தே இந்த மழையில் நனைந்துதான் வாழ்கிறான். 'கதிர்வீச்சு' என்று கேட்டதும் ஓடாமல், 'எவ்வளவு?' என்று கேளுங்கள். அதுதான் அறிவியல்.

யோசியுங்கள்: கோட்டைப்பட்டினத்திலிருந்து நடுக்கடலுக்குப் போகும் மீனவருக்கு எந்தக் கதிர் குறையும்? எது குறையாது? விடையை நம் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!