ஆட இடம் கிடைக்காதவர் ஆட்டத்தையே மாற்றினார்!

கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் படித்தார், அந்த மாணவர். ஆனால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடுவதற்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் செய்த குற்றம் ஒன்றுதான். அவர் கறுப்பராகப் பிறந்துவிட்டார்!

ஆட முடியாத அந்த மாணவர், பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும் முறையையே மாற்றினார். அவர் பயிற்சி கொடுத்த கறுப்பர் கல்லூரி, தேசியப் போட்டியில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வென்றது.

அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பயிற்சியாளராக வாழ்ந்தவர்.

தந்தை சொல்

1915-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, கான்சாஸ் மாநிலத்தில் ஹயவாத்தா என்ற சிறிய ஊரில் மெக்லெண்டன் பிறந்தார். கான்சாஸ் சிட்டி நகரில் வளர்ந்தார்.

அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு முதியவர் ஆசிரியராக இருந்தார். அவர்தான் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டுமே என்று யோசித்து, இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி, கூடைப்பந்து ஆட்டத்தை உண்டாக்கியவர் அவர்.

1933-ம் ஆண்டு மெக்லெண்டன் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நெய்ஸ்மித்தின் அறைக்கு நேராகப் போனார். "நீங்கள்தான் என் படிப்புக்கு ஆலோசகர்" என்று சொன்னார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார், முதியவர். தன் தந்தை சொன்னதாக மெக்லெண்டன் பதில் அளித்தார். தந்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கூறி, நெய்ஸ்மித் அவரை ஏற்றுக்கொண்டார்.

ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். ஆனால் பல்கலைக்கழக அணி ஏற்றுக்கொள்ளவில்லை. கறுப்பர்களை அந்த அணியில் சேர்ப்பது இல்லை என்பது அந்நாளைய வழக்கம்.

நீச்சல் குளத்திலும் அதே கதைதான். ஒருநாள் மெக்லெண்டன் குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரை ஏறியதும், குளத்துத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்கள்! உடற்பயிற்சிப் பட்டம் பெறுவதற்கு நீச்சல் கட்டாயம். "உனக்கு மட்டும் விலக்கு அளிக்கிறோம், நீந்தவேண்டாம்" என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விடாமல் போராடினார். கடைசியில் குளம் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

சலுகை வேண்டாம், சம உரிமைதான் வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

ஓட்டமே ஆட்டம்

1936-ம் ஆண்டு மெக்லெண்டன் பட்டம் பெற்றார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு முடித்தார். 1937-ம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரில் இருந்த கறுப்பர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1940-ம் ஆண்டு அதன் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 25.

அந்தக் காலத்தில் கூடைப்பந்து மெதுவான ஆட்டம். பந்தை நிதானமாகக் கைமாற்றி, சமயம் பார்த்து, நின்று குறிவைத்துக் கூடையில் போடுவார்கள்.

மெக்லெண்டன் இதைத் தலைகீழாக மாற்றினார். பந்து எந்த இடத்தில் கைக்குக் கிடைக்கிறதோ, அந்த இடத்திலேயே தாக்குதல் தொடங்கவேண்டும் என்பது நெய்ஸ்மித்திடம் அவர் கற்ற பாடம். பந்து கிடைத்ததும் ஒரே பாய்ச்சல்! எதிர் அணியினர் திரும்பிப் பார்த்து நிலைகொள்வதற்குள் பந்து கூடைக்குள் விழுந்துவிடவேண்டும். பந்து எதிர் அணியிடம் போய்விட்டாலோ, ஆடுகளம் முழுவதும் விரட்டி விரட்டி அவர்களை நெருக்கவேண்டும்.

இப்படி ஆடுவதற்கு மூச்சு வேண்டும். கால்களில் பலம் வேண்டும். ஆகவே பந்தைத் தொடுவதற்கு முன் நெடுந்தூரம் ஓடிப் பழகும்படி மாணவர்களை அவர் விரட்டினார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிராளிக்கு மூச்சு வாங்கும். மெக்லெண்டனின் பிள்ளைகளோ அப்போதும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இன்று உலகம் எங்கும் வேகமான கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கிறோம். அதற்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர்.

பூட்டிய கதவுக்குள்

1944-ம் ஆண்டு. டர்ஹாம் நகரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் பஸ்சில்கூட ஒன்றாக உட்கார முடியாது. ஒரே களத்தில் பந்து ஆடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

அதே நகரில் வெள்ளையர்கள் படித்த டியூக் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் மருத்துவப் பள்ளி மாணவர்கள் பலமான ஒரு கூடைப்பந்து அணி வைத்திருந்தார்கள். பல கல்லூரிகளில் ஆடிப் பெயர் பெற்றவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். மாநிலத்திலேயே சிறந்த அணி எது என்ற பேச்சு கிளம்பியது. அதைத் தீர்த்துக்கொள்ள, ரகசியமாக ஓர் ஆட்டம் ஏற்பாடு ஆயிற்று.

மார்ச் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணி. ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவ மாணவர்கள் இரவல் கார்களில் ஏறி, சுற்றுவழியாக வந்தார்கள். முகம் தெரியாமல் இருக்க, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி உள்ளே ஓடினார்கள். உடனே கதவு பூட்டப்பட்டது. வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. விஷயம் தெரிந்த சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் இரு தரப்புக்கும் நடுக்கம். பந்து கை நழுவியது. குறி தவறியது. சிறிது நேரத்தில் நடுக்கம் தெளிந்தது. மெக்லெண்டனின் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மருத்துவ மாணவர்களால் முடியவில்லை.

ஆட்டம் முடிந்தபோது கறுப்பர் கல்லூரிக்கு 88 புள்ளிகள். மருத்துவப் பள்ளிக்கு 44. சரியாக இரண்டு மடங்கு!

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். இரு அணியினரும் கலந்துகொண்டார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். பிறகு மாணவர் விடுதியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு இருந்தார்கள்.

இது வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகி இருக்கும்? நான்கு மாதம் கழித்து, அதே டர்ஹாம் நகரில், பஸ்சின் பின்பக்கம் போகத் தாமதித்தார் என்று ஒரு கறுப்பு ராணுவ வீரரை வெள்ளை டிரைவர் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்தது. டிரைவர் விடுதலை ஆனார். மெக்லெண்டன் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தலையில் போட்டுக்கொண்டார் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆட்டம் பற்றித் துப்புக் கிடைத்த ஒரு பத்திரிகை நிருபர்கூட அதை எழுதாமல் விட்டுவிட்டார். 52 ஆண்டுகளுக்குப் பிறகு, 1996-ம் ஆண்டில்தான், ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்று ஆசிரியர் எழுதிய கட்டுரை மூலம் இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது.

அதே ஓட்டல்

பூட்டிய கதவுக்குள் வென்றால் போதுமா? ஊர் அறிய வெல்லவேண்டாமா?

1954-ம் ஆண்டு மெக்லெண்டன், டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரில் இருந்த கறுப்பர் கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போனார். சிறிய கல்லூரிகளின் தேசியச் சங்கம் கான்சாஸ் சிட்டியில் நடத்திய போட்டிக்கு அவருடைய அணிக்கு அழைப்பு வந்தது. கறுப்பர் அணிகள் ஊரின் மற்றொரு பகுதியில் தங்குவதுதான் அதுவரை வழக்கம்.

மெக்லெண்டன் ஒரு நிபந்தனை போட்டார். மற்ற அணிகள் தங்கும் ஓட்டலில்தான் தன் அணியும் தங்கும். அவர்கள் சாப்பிடும் இடத்தில்தான் தன் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். நிபந்தனை ஏற்கப்பட்டது.

களத்தில் அவர்கள் சொன்ன பதில் இன்னும் பெரியது. 1957-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் தென்கிழக்கு ஓக்லஹாமா அணியை 92-73 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். இரு இனத்தாரும் கலந்துகொண்ட தேசியப் போட்டி ஒன்றில் கறுப்பர் கல்லூரி கோப்பை வென்றது அதுவே முதல் தடவை. 1958-லும் வெற்றி. 1959-லும் வெற்றி. தொடர்ந்து மூன்று முறை தேசியக் கோப்பை வென்ற முதல் கல்லூரிப் பயிற்சியாளர் என்ற பெயர் மெக்லெண்டனுக்குக் கிடைத்தது.

அவரிடம் பயின்றவர்கள் சாதாரண ஆட்டக்காரர்களா? டர்ஹாமில் அவரிடம் ஆடிய சாம் ஜோன்ஸ், பின்னாளில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் இருந்து 10 முறை பட்டம் வென்றார். நாஷ்வில்லில் ஆடிய டிக் பார்னெட், நியூயார்க் நிக்ஸ் அணி 1970-லும் 1973-லும் பட்டம் வென்றபோது அதில் இருந்தார்.

சம்பளத் தகராறு

1961-ம் ஆண்டு, கிளீவ்லண்ட் பைப்பர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தார். இரு இனத்தாரும் ஆடிய அப்படிப்பட்ட அணி ஒன்றை ஒரு கறுப்பர் நடத்துவது அன்று புதுமை. ஆனால் ஆட்டக்காரர்களின் சம்பள விஷயத்தில் முதலாளியுடன் தகராறு மூண்டது. மெக்லெண்டன் பிள்ளைகள் பக்கம் நின்றார். பாதிப் பருவத்திலேயே பதவியை உதறினார்.

அதனால் அவர் வாழ்வு நின்றுவிடவில்லை. 1966-ம் ஆண்டு கிளீவ்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளையர் அதிகமாகப் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆன முதல் கறுப்பர் அவரே. 33 ஆண்டுகளுக்கு முன் அவரை ஆடவிடாத நாடு, இப்போது வெள்ளை மாணவர்களை அவர் கையில் ஒப்படைத்தது!

காலம் கடந்த மரியாதை

கூடைப்பந்து ஆட்டத்தில் சிறந்தவர்களைக் கௌரவிக்க, நெய்ஸ்மித்தின் பெயரில் ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. 1979-ம் ஆண்டு அதில் மெக்லெண்டனின் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் 'பயிற்சியாளர்' என்று அல்ல. ஆட்டத்தின் வளர்ச்சிக்கு உதவியவர் என்றுதான் சேர்த்தார்கள்.

1999-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி, 84-வது வயதில் அவர் காலமானார்.

2016-ம் ஆண்டு அதே மண்டபம் அவரை மறுபடியும் கௌரவித்தது. இந்தத் தடவை 'பயிற்சியாளர்' என்றே எழுதினார்கள். 2019-ம் ஆண்டு, மூன்று கோப்பை வென்ற அவருடைய நாஷ்வில் அணிகளும் அங்கே இடம் பெற்றன.

மெக்லெண்டன் தனக்காக ஒரு நாற்காலி கேட்கவில்லை. தன் பிள்ளைகள் எல்லோருடனும் ஒரே களத்தில் ஆடவேண்டும், ஒரே மேஜையில் சாப்பிடவேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், கேட்பதற்குத் தகுதி உள்ளவர்களாக அவர்களை ஓட ஓடப் பழக்கினார். பயிற்சியாளர் என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பொருள் ஏது?