சோர்ந்தெரியும் சுடர்

உலை கொதிக்கும் தறுவாயில் எரிவாயு அடுப்பின் நீலச் சுடர் சுருங்குகின்றது. கடலுக்குச் சென்றவர்கள் கரையேறும் வேளை. பள்ளிமுனை இல்லத்தரசி என் செய்வாள்? சிலிண்டரை ஆட்டுவாள், சாய்த்துப் பார்ப்பாள், துணிந்தோர் சிலர் கொதிநீரையும் ஊற்றுவதுண்டு. இவற்றுள் ஒன்றேனும் செய்யத்தக்கதன்று. சாய்த்தால் திரவமே குழாயினுள் பாயும். சூடேற்றினால் உள்ளழுத்தம் எல்லை மீறும்.

சிலிண்டரினுள் இருப்பது, அழுத்தத்தால் திரவமாக்கப்பெற்ற புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. முன்னது பூச்சியத்திற்குக் கீழ் 42 பாகை செல்சியசில் கொதிப்பது. பின்னது ஏறத்தாழப் பூச்சியத்தில். ஆவியாகும் திரவம் தன் வெப்பத்தையே செலவிடுதலால் சிலிண்டர் குளிர்கின்றது. நெடுநேரம் எரிந்த சிலிண்டரைத் தொட்டு மாணவர்கள் இதனை உணரலாம். பனி பெய்யும் நாடுகளில் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலன்களும் இக்குளிரால் வலுவிழப்பதுண்டு. மன்னாரின் வெயிலிலோ, சிலிண்டர் தீருந்தறுவாயிலன்றி இக்குறை நேர்வது அரிது.

ஆயின் ஐயுற வேண்டியது எதனை? உப்புக் காற்றை என்பேன். இரும்பைத் தின்னும் அக்காற்று ரெகுலேட்டரை மட்டும் விட்டுவைக்குமா? அதனுள் ஒரு வில்லும் மெல்லிய சவ்வும் உள்ளன. சிலிண்டரின் பேரழுத்தத்தை ஏறத்தாழ 30 மில்லிபாராகத் தணித்து அடுப்புக்கு அனுப்புவன அவையே. துருவோ உப்போ அவற்றைத் தடுத்தால் சுடர் சோரும்.

குறை எங்கென்றறிய எளிய வழியுண்டு. ஒரு பக்கத்து அடுப்பு மட்டும் மங்கினால், அதன் வாயு வரும் சிறு துளை அடைபட்டிருக்கும். பொங்கி வழிந்த கஞ்சியும் சிலந்தி வலையும் போதும். ஊசியால் குத்தி அத்துளையை அகலப்படுத்தலாகாது. இருபக்கமும் மங்கினால் ரெகுலேட்டரையோ, மடிந்த றப்பர் குழாயையோ, சிலிண்டரின் எடையையோ நோக்குக. வெறுஞ்சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழித்துப் பார்த்தால் மிச்சம் தெரியும். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிவது வேறு குறை. காற்றுத் துளை அடைபட்டதன் அறிகுறி.

அழுத்தம் மிகுதலும் ஆபத்தே. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல இல்லங்களில் அடுப்புகள் வெடித்துச் சிதறின. கலவையின் விகிதம் மாறியமையே முதன்மைக் காரணமென ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. ஆதலின், சோர்ந்த சுடரைத் தூண்டும் பொருட்டு ரெகுலேட்டரைப் பிரித்துத் திருத்த முனைய வேண்டா. விற்பனையாளரிடம் புதியதொன்று வாங்கிப் பொருத்துக. பொருத்தியபின் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவி, குமிழி எழுகின்றதாவெனப் பார்த்தே தீக்குச்சியை எடுங்கள். இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து கிடக்கும்.